நடுவிலிருந்தா, ஓரத்திலிருந்தா?

2016 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, பெங்களூரில் சித்தப்பா வீட்டுக் கொல்லைப்பக்கம் நான்கு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் கையில் சுருட்டிய கிராம வரைபடம், ஒருவர் தோளில் சங்கிலி, ஒரு பையனிடம் சிவப்புப் பெயிண்ட் டப்பா. நான்காமவர் எதையும் தூக்காமல் போன் பேசிக்கொண்டிருந்தார், அதனால் அவர்தான் மேலதிகாரி என்று தெரிந்துகொண்டோம். நான் அன்றைக்கு அல்சூரிலிருந்து சித்தி கையால் களியும் கீரைக்கடைசலும் சாப்பிடத்தான் போயிருந்தேன், வேறு சோலி எதுவும் இல்லை.

சங்கிலிக்காரர் வரைபடக்காரரிடம் கேட்டார்: "மத்யதிந்தனா சார், அஞ்சினிந்தனா?"

நடுவிலிருந்து அளக்கட்டுமா, ஓரத்திலிருந்து அளக்கட்டுமா என்று கேட்கிறார். வரைபடக்காரர் போன் பேசுகிறவரைப் பார்த்தார். அவர் ஒரு விரலைத் தூக்கி இருக்கச் சொன்னார். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் நாங்கள் எல்லோரும், சித்தி, சித்தப்பா, நான், மதிலுக்கு அந்தப்பக்கம் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்கள், அந்தப் பெயிண்ட் பையன் உட்பட, கொல்லைக்குப் பின்னால் ஓடுகிற சாக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எட்டடி அகலம், மேலே பாதிக்குக் கான்கிரீட் பலகை. அதற்கு நடு எது, ஓரம் எது என்று அதுவரை எங்களில் யாரும் யோசித்ததே கிடையாது.

அந்த வருஷம் பெங்களூரில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஜூலை கடைசியில் மழை கொட்டியது, தெற்கே சில இடங்களில் ஏரி மீன் தெருவுக்கு வந்தது, ஆகஸ்டில் ராஜகாலுவே ஆக்கிரமிப்பை எடுக்கிறோம் என்று ஜேசிபி வீடுவீடாகப் போனது. ராஜகாலுவே என்றால் நம் ஊர் வரத்துக்கால்வாய்தான். ஒரு ஏரி நிறைந்து வழிந்தால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகிற பாதை. தொள்ளாயிரம் மீட்டர் உயர மேட்டில், பக்கத்தில் பெரிய ஆறு எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிற ஊர் இது. மழையைப் பிடித்து வைத்தால்தான் உண்டு என்று ஏரிக்கு ஏரி காலுவே வெட்டிச் சங்கிலி மாதிரி கோர்த்துவிட்டுப் போனார்கள். தோமலூர் சொக்கநாதர் கோயில் சுவரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, அதில் ஒன்றில் விண்ணமங்கலம் ஏரியின் பெயர் வருகிறது. ஏரி வருமானத்தைக் கோயிலுக்கு எழுதி வைத்த கணக்கு. இப்போது அந்தக் கோயிலைச் சுற்றி ஆட்டோ போகிற அகலத்துக்குத் தெருவும் மூன்று மாடி வீடுகளும்தான்.

சித்தப்பா அந்த இடத்தை வாங்கியது 1998ல். முப்பதுக்கு நாற்பது சைட், விவசாய நிலத்தை அப்படியே துண்டு போட்டு விற்ற ரெவின்யூ லேஅவுட், பி காத்தா (அங்கீகாரமில்லாத மனைகளுக்கான மாநகராட்சிப் பதிவேடு). காவேரிப்பட்டணத்துப் பக்கம் இருந்த காணியில் தன் பங்கை விற்று, தொழிற்சாலையில் வாங்கின கடனையும் சேர்த்து வாங்கினார். "பின்னாடி சின்னக் கால்வா ஓடுது, காத்து நல்லா வரும்" என்று புரோக்கர் சொன்னதைச் சித்தி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். காற்று வந்தது, கொசுவோடு வந்தது.

சரி, நடுவா ஓரமா என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

2007ல் அமலுக்கு வந்த மாஸ்டர் பிளான் ஒன்று உண்டு, 2015 என்று பெயர். அதன்படி ஏரியிலிருந்து 30 மீட்டருக்கு எதுவும் கட்டக் கூடாது. காலுவேக்குப் பெரியது, நடுத்தரம், சின்னது என்று மூன்று தரம்: முதல் தரத்துக்கு 50 மீட்டர், இரண்டாம் தரத்துக்கு 25, மூன்றாம் தரத்துக்கு 15. இந்த 50, 25, 15 மூன்றையும் காலுவேயின் நடுக்கோட்டிலிருந்து அளக்க வேண்டும். 2016 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், அகரம், பெள்ளந்தூர் ஏரிகளுக்கு நடுவே எழும்பிக்கொண்டிருந்த பெரிய கட்டுமானங்கள் பற்றிய வழக்கில், இதெல்லாம் போதாது என்றது. ஏரிக்கு 75 மீட்டர். காலுவேக்கு 50, 35, 25. அளப்பது ஓரத்திலிருந்து. ஒரு வழக்கில் சொன்னது ஊருக்கே விதியானது. நாளிதழ்களில் 30 எப்படி 75 ஆகலாம் என்று ஒரே சண்டை. நடு ஓரமாக மாறியதை யாரும் தலைப்பில் போடவில்லை. சங்கிலிக்காரருக்கு மட்டும் அது முதல் கேள்வியாக இருந்தது, ஏனென்றால் சங்கிலியின் ஒரு முனையை எங்காவது ஊன்றியாக வேண்டுமே.

எங்கள் கொல்லையிலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றாம் தரக் காலுவே. நடுவிலிருந்து மதில் வரை இரண்டு மீட்டர். சைட்டின் நீளம் பன்னிரண்டு மீட்டர். ஆக, நடுவிலிருந்து பதினைந்து மீட்டர் என்றால் வாசல் கேட் வரை மொத்த வீடும் உள்ளே. ஓரத்திலிருந்து இருபத்தைந்து என்றாலும் உள்ளேதான். சித்தப்பாவுக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் எதிர்வீட்டு மாஸ்டருக்கு. தெரு ஆறு மீட்டர், அவர் வீடு ஆரம்பிப்பது இருபதாவது மீட்டரில். பழைய விதிப்படி அவர் வெளியே, புதிய விதிப்படி உள்ளே. அந்தச் சமயத்தில் அவர் வீட்டை விற்றுவிட்டு ஊரோடு போய்ச் சேரப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தார். வாங்க வந்தவரின் வங்கி வக்கீல் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார், பேச்சு நின்றது. மாஸ்டர் அதற்கப்புறம் கொஞ்ச நாள் எங்கள் காலுவேயை எதிரியைப் பார்ப்பது போல் பார்ப்பார்.

ஏற்கனவே நிற்கிற வீட்டை, இடைவெளிக்குள் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அன்றைக்கு யாரும் இடிக்கவில்லை. இடித்தது காலுவேயின் மேலேயே நின்றவற்றை. அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த நான்கு பேரும் வந்தது. இடைவெளி என்பது புதிதாகப் பிளான் அனுமதி கேட்கும்போது குறுக்கே வருவது. அன்றைக்குப் பி காத்தாவுக்குப் பிளான் அனுமதியே கிடையாது, எங்கள் தெருவில் யாரும் அனுமதி வாங்கிக் கட்டியவரும் இல்லை. அதாவது அனுமதி கேட்டிருந்தால் என்ன மறுத்திருப்பார்கள் என்பது பற்றி எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம்.

போன் முடிந்தது. அதிகாரி சொன்ன பதில் இரண்டும் இல்லை. "முதல்ல எந்தக் காலுவேன்னு பாருங்க" என்றார், கன்னடத்தில்.

வரைபடத்தைச் சித்தியின் துணி துவைக்கிற கல்லின் மேல் விரித்தார்கள். பழுப்பேறிய நகல், மடிப்புகளில் கிழிந்து பின்னால் டேப் ஒட்டியது. அதில் சர்வே எண்கள், ஏரி, பாதை, காலுவே எல்லாம் கையால் வரைந்த கோடுகள். எனக்கு அது ஒன்றும் விளங்கவில்லை, வரைபடக்காரர்தான் விரலால் காட்டினார். காகிதத்தில் காலுவே ஒரு சங்கிலி அகலம், அதாவது 33 அடி. (இங்கே நிலம் அளக்கிற சங்கிலி 33 அடி. அதன் நீளத்துக்கு அதன் அகலம் ஒரு குண்டா, 1,089 சதுர அடி. நாற்பது குண்டா ஒரு ஏக்கர். சித்தப்பா சைட் ஒரு குண்டாவுக்குக் கொஞ்சம் மேல்.) காகிதத்தில் அது வளைந்து வளைந்து போகிறது. நிலத்தில் இருப்பதோ எட்டடி, நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது. லேஅவுட் போட்டவன் வளைவை நிமிர்த்தி, அகலத்தைக் கால்வாசியாக்கி, மிச்சத்தைச் சைட்டுக்குள் போட்டு விற்றிருக்கிறான். கர்நாடகத்தில் இந்த மாதிரி பொது உபயோகத்துக்கு ஒதுக்கிய நிலத்தைப் பி கராபு என்பார்கள். நம்மூர் நீர்நிலைப் புறம்போக்கு. பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அப்புறம் சங்கிலி விழுந்தது. ஒரு முனை தெருமுக்கில் இருந்த எல்லைக்கல்லில். அந்தக் கல்லை வைத்து, இன்னொரு கல்லை வைத்து, கூட்டிக் கழித்து, காகிதத்துக் காலுவேயின் ஓரம் எங்கே வருகிறது என்று பார்த்தால், மதிலைத் தாண்டி ஒன்பதடி உள்ளே, சரியாகத் துவைக்கிற கல்லின் மேலேயே வந்து நின்றது. வரைபடத்தை விரித்த அதே கல். பையன் டப்பாவைத் திறந்து, அதன் பக்கவாட்டில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி போட்டான். சித்தி "அய்யோ, ஈரமா இருக்கு, நிக்காது" என்றாள். அவன் துடைத்துவிட்டு மறுபடி போட்டான்.

"யஜமான்ரே, இது வரைக்கும் காலுவே" என்றார் வரைபடக்காரர். குளியலறை, கக்கூஸ், பாதிச் சமையலறை. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போதுதான் சொன்னார்: "கண்ணு, நான் பதினெட்டு வருஷமா ஆத்துலயே குளிச்சிக்கிட்டு இருந்திருக்கேன்."

ஜேசிபி எங்கள் தெருவுக்கு வருவதற்குள் அந்த வேகம் அடங்கிப்போனது. அப்படித்தான் அடங்கும், இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். இடிபட்டவர்கள் இடிபட்டவர்கள்தான், அதில் கூலி வேலைக்காரர்களும் கடன் வாங்கிக் கட்டியவர்களும்தான் அதிகம் என்பது என் எண்ணம். 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், சட்டப்படி போட்ட மாஸ்டர் பிளானைத் திருத்தத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி, அந்தப் பொது இடைவெளியை ரத்து செய்தது. 75 மறுபடி 30 ஆனது. ஓரம் மறுபடி நடுவானது. மாஸ்டர் இரண்டு மாதத்தில் வீட்டை விற்றார், எங்களுக்கு ஒரு பாக்கெட் அல்வா கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கு இந்த விஷயத்தில் ஒட்டிக்கொண்டது அந்தச் சங்கிலிக்காரரின் கேள்விதான். எண்ணைப் பற்றிப் போராட எல்லோரும் இருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் கர்நாடகச் சட்டமன்றம் ஒரு திருத்த மசோதாவை நிறைவேற்றியபோதும் அதே சண்டை. 2014 ஏரிச் சட்டம் எல்லா ஏரிக்கும் ஒரே அளவாக 30 மீட்டர் வைத்திருந்தது. மசோதா அதை ஏரியின் பரப்புக்கு ஏற்பப் பிரித்தது: 100 ஏக்கருக்கு மேல் 30, 25 ஏக்கருக்கு மேல் 24, 10 ஏக்கருக்கு மேல் 12, இப்படிப் படிப்படியாக இறங்கி ஒரு ஏக்கருக்கும் குறைவான குட்டைக்கு 3 மீட்டர். மூன்று மீட்டர் என்பது ஒரு கார் நிறுத்துகிற அகலம். பெரிய ஏரிக்குப் பெரிய இடைவெளி என்பது காதுக்கு நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் பெரிய ஏரிக்குத் தண்ணீர் வருவது இந்தச் சின்னக் குட்டைகள் வழியாக. சட்டைக் கையை வெட்டிவிட்டு மார்பை மட்டும் மூடிக்கொள்கிற மாதிரி இருக்கிறது.

இது எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது, ஏரியின் ஓரம் எது?

இதைக் கேட்டால் சிரிப்பார்கள். வேலி போட்டிருக்கிறதே, அதுதான் என்பார்கள். ஆனால் ஏரி கட்டிப் பிழைத்த ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரியும், ஏரிக்கு ஒரு கரைதான் உண்டு. பள்ளத்துப் பக்கம், தண்ணீரைத் தாங்குகிற பக்கம், மதகும் கலிங்கும் இருக்கிற பக்கம், அங்கே மட்டும்தான் மண்கரை. மற்றப் பக்கங்கள் திறந்தவை. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும், மாசி பங்குனியில் இறங்கும், இறங்கின ஈரத்தில் கொள்ளும் கீரையும் போடுவார்கள், மாடு மேயும், நாரை நிற்கும். கணுக்கால் தண்ணீர், முழங்கால் தண்ணீர் என்று சரிந்துகொண்டே போகிற இடம் அது. அங்கே ஓரம் என்பது ஒரு கோடு கிடையாது, வருஷத்துக்கு இருநூறு அடி நகர்கிற ஒரு பட்டை. அதில் எந்த இடத்தில் சங்கிலியின் முனையை ஊன்றுவது? வழிகிற அளவுக்கு நிறைந்த ஏரியின் விளிம்பிலா, கோடையில் நிற்கிற தண்ணீரின் விளிம்பிலா, கிராம வரைபடத்தின் கோட்டிலா? வரைபடக் கோடு என்பதுதான் இங்கே சட்டப் பதில். அந்தக் கோட்டை வரைந்த மாதத்தில் ஏரி எவ்வளவு நிறைந்திருந்ததோ, யாருக்குத் தெரியும்.

கடலுக்கும் இதே வழக்குதான். 1991ல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, கடல் ஏறி வந்து நிற்கிற உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் என்று ஆரம்பித்தது. ஓதம் ஏறுகிற கோட்டை எங்கே வரைவது என்பதில் எத்தனை வழக்குகள். 2019 அறிவிக்கையில் ஜனநெருக்கம் அதிகமான கிராமக் கடற்கரைகளுக்குக் கட்டக்கூடாத பட்டை 200 மீட்டரிலிருந்து 50 ஆகிவிட்டது. கடலுக்கு ஒரு மத்திய அறிவிக்கையாவது இருக்கிறது. ஏரிக்கு அதுவும் இல்லை. 2017ல் வந்த ஈரநில விதிகளை எடுத்துப் பார்த்தால், பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகள் ஈரநிலமே ஆகாது என்று விலக்கி வைத்திருக்கிறார்கள். பெங்களூரில் இருக்கிறது முக்காலே மூன்று வீசம் அப்படி வெட்டியவைதான்.

இனி தூர்வாரும் கதை. ஓரம் எது என்பதைத் தாசில்தாரும் நீதிமன்றமும் முடிவு செய்வதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அதை முடிவு செய்கிறவர் ஹிட்டாச்சி ஓட்டுகிறவர்.

சித்தப்பா வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஒரு ஏரி இருக்கிறது. பெயர் வேண்டாம். இருபது ஏக்கர் சொச்சம். 2018 கோடையில் அதை வற்றவைத்துத் தூர்வாரினார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பாவோடு வேடிக்கை பார்க்கப் போவேன். வற்றின ஏரியை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. மேலே காய்ந்து வெடித்த ஓடு மாதிரி ஒரு படலம், காலை வைத்தால் பொருக்கென்று உடையும். அதற்குக் கீழே கருப்பு, தார் மாதிரி, நாற்றம் மூக்கில் ஏறி ராத்திரி வரை இறங்காது. ஹிட்டாச்சியின் வாய் ஒரு கடி கடித்து மேலே தூக்கும்போது அந்த வெட்டு முகத்தில் அடுக்கு அடுக்காகத் தெரியும்: கால்வாசி ஷாம்பு பாக்கெட், ஒற்றைச் செருப்பு, மாவு சலித்த மாதிரி கரைந்துகிடந்த பிள்ளையார்ச் சிலைச் சுண்ணாம்பு, நடுவில் ஒரு முழுசான தும்பிக்கை. இன்னும் கீழே போனால் திடீரென்று வெளிர்மஞ்சளாகக் களிமண். அதுதான் ஏரியின் அடி. தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிற அந்தக் களிமண் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை. ஒப்பந்தம் கன மீட்டர் கணக்கு, தோண்டுவதற்கு முன் மட்டம், தோண்டின பிறகு மட்டம், வித்தியாசத்துக்குக் காசு. அடி வந்துவிட்டது என்று நிறுத்தினால் நிறுத்தினவருக்குத்தான் நஷ்டம்.

எங்கள் ஊரிலும் தூர்வாருவார்கள். தாத்தா காலத்தில் சித்திரையில் ஏரிக்குள் வண்டி இறங்கும், வண்டலை வெட்டி வயலுக்கு அடிப்பார்கள். எருவுக்கு எரு, ஏரிக்கு ஆழம். இப்போதும் தாசில்தார் அனுமதியோடு டிராக்டரில் அடிக்கிறார்கள். வயலுக்கு வேண்டுமென்பதால் மேலாக இருக்கிற வண்டலைத்தான் எடுப்பார்கள், அடிக்களிமண்ணை யாரும் தொடமாட்டார்கள், அது பயிருக்கு ஆகாது. ஆசைக்கே அங்கே ஒரு எல்லை இருந்தது. இங்கே வண்டலில் ஊர்ச் சாக்கடை மொத்தமும் இறங்கியிருக்கிறது, அதை வயலுக்குக் கொண்டுபோகலாமா என்று முதலில் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆகவே லாரியில் ஏற்றித் தூரமாகப் போட வேண்டும், அதற்கு டீசல் வேண்டும். ஒப்பந்தக்காரர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்: தோண்டின மண்ணை ஏரியின் உள் ஓரத்திலேயே சுற்றிலும் கொட்டி, ரோலர் விட்டு அமுக்கி, நடைபாதையாக்கிவிட்டார்.

நாலு பக்கமும் கரை. கிண்ணம் மாதிரி. செங்குத்தாக இறங்கும், விளிம்பிலேயே பத்தடி ஆழம். முழங்கால் தண்ணீரில் நின்று மீன் பிடிக்கிற நாரைக்கு நிற்க இடமில்லை, நடுவில் நீந்துகிற நீர்க்காகத்துக்குக் கொண்டாட்டம். மழைத் தண்ணீர் நிலத்தில் பரவி ஏரிக்குள் வருகிற பக்கத்திலும் கரை எழுப்பிவிட்டதால், குழாய் வைத்த இரண்டு இடத்தில் மட்டும்தான் அது உள்ளே வர முடியும். மிச்சத் தண்ணீர் கரைக்கு வெளியே தெருவில் நிற்கிறது. அந்த வளையத்துக்கு வெளியே விடுபட்ட ஏரி நிலம் இருக்கிறதே, வரைபடத்தில் ஏரி, கண்ணுக்குக் காய்ந்த மண், அதில் முதல் வருஷம் ஒரு இளநீர்க்கடை, இரண்டாம் வருஷம் ஒரு வாட்டர் டேங்கர் நிறுத்தம், மூன்றாம் வருஷம் ஒரு சின்னக் கோயில். கோயில் வந்துவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை. இப்போது அங்கே யாராவது இடைவெளி அளக்க வந்தால் வேலியிலிருந்துதான் அளப்பார்கள்.

அந்த ஏரியில் முன்பு மதகு திறந்துவிடுகிற வேலை பார்த்தவர் ஒருவர் இருந்தார். நீருகண்டி என்பார்கள் கன்னடத்தில், நம்மூர் நீர்க்கட்டி. எண்பது வயசுக்கு மேல், தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். நடைபாதை திறந்த புதிதில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா, "என்ன தாத்தா, ஏரி எப்படி இருக்கு?" என்று கேட்டார். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "இது கெரே இல்லப்பா, பாவி" என்றார். கன்னடத்தில் கெரே என்றால் ஏரி, பாவி என்றால் கிணறு. தமிழில் என்ன என்று உங்களுக்குத் தெரியும். எந்த மொழியில் சொன்னார் என்று நாங்கள் வீடு வந்து சேரும் வரை பேசிக்கொண்டு வந்தோம்.

சித்தப்பாவுக்கு அந்த நடைபாதை பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சர்க்கரை, மூட்டு வலி, எல்லாவற்றுக்கும் காலையில் நாலு சுற்று. கரை திறந்து சேறாகக் கிடந்த காலத்தில் அந்தப் பக்கம் பெண்கள் தனியாகப் போகமாட்டார்கள், இப்போது அதிகாலையில் சுடிதாரும் ஷூவுமாகப் போகிறார்கள், சித்தியும் போகிறாள். நான் கிண்ணம், நாரை என்று பேச ஆரம்பித்தால் அவள், "ஒனக்கென்ன, அல்சூர்ல இருந்துக்கிட்டுப் பேசுவ. அங்க மட்டும் சுத்திக் கம்பி போடலையா?" என்பாள். போட்டிருக்கிறார்கள். அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஒரு காலை ஆயிரக்கணக்கில் மீன் செத்து வெள்ளையாக மிதந்ததை அந்தக் கம்பிக்கு இந்தப்பக்கம் நின்றுதான் பார்த்தேன். பக்கத்தில் மெட்ராஸ் சேப்பர்ஸ் ராணுவ வளாகம், தம்பிகள் ஓட்டப்பயிற்சியை நிறுத்திவிட்டு நின்று பார்த்தார்கள்.

அல்சூர் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்து வரைந்து பார்த்தேன். அல்சூரிலிருந்து செல்லகட்டா பக்கமாகப் பெள்ளந்தூர், அங்கிருந்து வர்த்தூர், அங்கிருந்து தட்சிணப் பினாகினி. ஓசூர் பக்கம் எல்லை தாண்டியதும் அதற்குப் பெயர் தென்பெண்ணை. முதலில் கெலவரப்பள்ளி அணை, அப்புறம் கிருஷ்ணகிரி அணை, அடுத்து காவேரிப்பட்டணம். சித்தப்பா காணியை விற்றுவிட்டு வந்த அதே காவேரிப்பட்டணம். அவர் கொல்லைக் காலுவேயும் கடைசியில் இந்தச் சங்கிலியில்தான் சேருகிறது. குளியலறைத் தண்ணீரை இங்கே திறந்துவிட்டால் நம் பங்காளிகள் வயல் பக்கம்தான் போகிறது.

பெள்ளந்தூர் பற்றி எல்லோருக்கும் தெரியும். தொள்ளாயிரம் ஏக்கர், நுரை, நெருப்பு. 2017 பிப்ரவரியில் ஏரி எரிந்தது, 2018 ஜனவரியில் மறுபடி எரிந்து, ஐயாயிரம் ராணுவ வீரர்கள் இறங்கி அணைத்தார்கள். தண்ணீர் எரிகிறது என்று சொன்னால் ஊரில் ஆயாவுக்குப் புரியவைக்க முடியவில்லை. எரிந்தது தண்ணீரின் மேல் மெத்தை போல் வளர்ந்த ஆகாயத்தாமரையும் புல்லும், காய்ந்த குப்பையும். நுரை சோப்புத்தூள்காரர்கள் புண்ணியம். அந்த நுரைதான் ஒவ்வொரு மழைக்கும் கெலவரப்பள்ளியில் மதகைத் தாண்டிக் குதிக்கிறது, தரைப்பாலத்தின் மேல் ஆள் உயரத்துக்கு நிற்கிறது, நம் தொலைக்காட்சிகள் படம் பிடிக்கின்றன. 2018 டிசம்பரில் தீர்ப்பாயம் மாநில அரசை 500 கோடி ஒதுக்கி வைக்கச் சொல்லி, நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையில் குழு போட்டது. பெள்ளந்தூரையும் வர்த்தூரையும் வற்றவைத்து, சாக்கடையைச் சுற்றுவழியில் திருப்பிவிட்டுத் தூர்வார ஆரம்பித்தார்கள். லாரி லாரியாக, வருஷக்கணக்கில். அங்கேயும் எனக்குப் பயம் அதே கிண்ணம்தான்.

2022 செப்டம்பரில், ஒரே இரவில் 130 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டின மழையில், வெளிவட்டச் சாலையில் ஐடி ஆட்கள் டிராக்டரில் ஆபீசுக்குப் போனார்கள். படகில் வந்தவர்கள் உண்டு. அன்றைக்குச் சித்தப்பாவுக்குப் போன் பண்ணினேன். "தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு. கல்லு வரைக்கும் வந்துச்சு."

எந்தக் கல் என்று கேட்டேன். துவைக்கிற கல். பெருக்கல் குறி போட்ட இடத்தில் ஈரம் நின்று, இறங்கிவிட்டதாம். எந்தச் சங்கிலியும் இல்லாமல் தண்ணீர் காகிதத்துக் காலுவேயின் ஓரத்தை அளந்துவிட்டுப் போயிருக்கிறது. சித்தப்பா அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார், சர்வேயர் சொன்னது சரிதான் என்று சான்றிதழ் கொடுப்பவர் போல.

போன மாசம் மறுபடி வந்தார்கள். சங்கிலி இல்லை. முக்காலியில் வெள்ளை வட்டமாக ஒரு கருவி, அது செயற்கைக்கோளோடு பேசுமாம். கையில் டேப்லெட்டோடு ஒரு பையன், இருபத்தைந்து வயசு இருக்கும். நானும் இருந்தேன், இந்தத் தடவையும் களிக்குத்தான். சித்தப்பா கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போய், தன்னுடைய தொழிற்சாலைக் கன்னடத்தில் நேராகவே கேட்டார்: "மத்யதிந்தனா, அஞ்சினிந்தனா?"

பையன் அவரை நிமிர்ந்து பார்த்தான். இந்த மாதிரி கேள்வியை வீட்டுக்காரர் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் போலிருக்கிறது. "அதெல்லாம் மேல முடிவு பண்ணுவாங்க யஜமான்ரே. நான் புள்ளி மட்டும்தான் எடுக்கிறேன்" என்றான்.

சிமெண்டுத் தரையில் ஒரு ஆணியை அடித்து, சுற்றி வட்டம் போட்டான். கல்லிலிருந்து ஒரு முழம் தள்ளி, வீட்டுப் பக்கமாக. சித்தி வந்து ஆணியைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், வாளியைத் தூக்கி அந்தப்பக்கம் வைத்துவிட்டு, டீ குடிக்கிறியாப்பா என்று கேட்டாள்.